சம்பந்தி வீட்டாரோடு முதல் பந்தி: சாப்பாட்டுக்கு முன் ஜெபம் யார் சொல்வது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மும்பை செம்பூரில் ஒரு சைவக் குடும்பம். மகன் விரும்பிய பெண், தாராவியில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலி சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். பதிவுத் திருமணம் முடிந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு வீட்டாரும் முதல் தடவையாகச் சேர்ந்து சாப்பிடப் போகிறார்கள். மாப்பிள்ளை வீட்டில், மொத்தம் 22 பேர். பக்கத்து ஃபிளாட் மராத்திக்காரர்கள் வருகிறார்கள். மகனோடு வேலை பார்க்கும் இஸ்லாமியப் பையன் ஒருவனும் வருகிறான். பெண்ணின் அப்பா ஜெபம் பண்ணாமல் ஒரு வாய் காபிகூடக் குடிக்கமாட்டாராம். மாப்பிள்ளையின் தாத்தாவுக்கு 81 வயது. அவர் தேவாரம் சொல்லாமல் இலையில் கை வைக்கமாட்டாராம். மாப்பிள்ளையின் அம்மா கேட்கிறார்: "யாரைச் சொல்லச் சொல்வது? அவர் ஜெபம் பண்ணும்போது நாங்கள் என்ன செய்வது? ஆமென் சொல்ல வேண்டுமா? சாமிக்குப் படைத்ததை அவர்கள் சாப்பிடுவார்களா? பேசாமல் யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டால் என்ன?"

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். அப்படிச் செய்யாதீர்கள். யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டால் மனஸ்தாபம் வராது, சரி. ஆனால் அந்த இரண்டு பெரியவர்களும் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துவிட்டு, தப்புச் செய்துவிட்ட மாதிரி தலையைக் குனிந்து சோற்றைப் பிசைவார்கள். உங்கள் மாமனார் பேரன் கல்யாண விருந்தில், தன் சொந்த வீட்டுக்குள், தேவாரத்தை ஒளித்துச் சொல்ல வேண்டுமா? மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டின் முதல் சோற்றுக்கு அந்த அப்பா வாய் திறந்து நன்றி சொல்லக் கூடாதா? இரண்டு பேரும் சொல்லட்டும். எப்போது, எவ்வளவு நேரம், மற்றவர்கள் அப்போது என்ன செய்வது என்பதை மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்குத் தெரிந்தது வேத பாடத்தில் வந்தது கொஞ்சம், பந்தியில் வந்தது நிறைய. என் அப்பா தாராவியில் 30 வருஷத்துக்கு மேல் மெஸ் நடத்தினார். நாங்களும் சி.எஸ்.ஐ.தான், நாசரேத் பக்கம். தோல் பட்டறை ஆட்கள், தையல்காரர்கள், இட்லி விற்பவர்கள், ஊரிலிருந்து வந்து வேலை தேடிக்கொண்டிருக்கிற பையன்கள் எல்லாரும் எங்களிடம் சாப்பிட்டார்கள். ஒரு பந்திக்கு 24 பேர், எதிரெதிராக இரண்டு வரிசை, சம்மணம் போட்டு உட்கார்ந்தால் முட்டியும் முட்டியும் இடிக்கும். திருநீறு பூசியவர், குல்லா போட்டவர், ஜெபமாலை போட்டவர், கறுப்புச் சட்டைக்காரர், எல்லாருக்கும் அதே தட்டு, அதே சாம்பார். சோறு போடுவதற்கு முன்னால் அப்பா சோற்றுச் சட்டியை இடுப்பில் அணைத்தபடி நின்று, கண்ணை மூடி, ஒரே ஒரு வரி சொல்வார்: "ஆண்டவரே, இந்தச் சோத்துக்கும் இதைச் சாப்பிடுற கைகளுக்கும் ஸ்தோத்திரம்." அவ்வளவுதான். உடனே கரண்டி இறங்கிவிடும்.

அந்த ஐந்தாறு விநாடியை நான் வாசல் படியில் உட்கார்ந்து எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். ராமநாதபுரத்து பாய் ஒருவரின் உதடு மட்டும் அசையும், பிஸ்மில்லாஹ். தூத்துக்குடி அண்ணாச்சி ஒருவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். வயதான ஒருவர் தட்டின் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். கறுப்புச் சட்டைக்காரர் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஆனால் கை மடியில்தான் இருக்கும். அவர் ஒருநாளும் அப்பா முடிப்பதற்குள் ஊறுகாயைத் தொட்டதில்லை. அப்பாவும் ஒருநாளும் அவரைப் பார்த்து ஆமென் சொல்லுங்கள் என்று கேட்டதில்லை. அவருடைய அந்தக் கையைத்தான் நான் உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் சேர்ந்து சொல்லக்கூடிய வார்த்தை கிடைக்காமல் போகலாம். சேர்ந்து காத்திருக்க எல்லாராலும் முடியும்.

இது நமக்குப் புதிதும் இல்லை. ஊர்ப் பந்தியில் இலை போட்டதும் யாராவது கை வைக்கிறார்களா? உப்பு, ஊறுகாய், கறி, கூட்டு, அப்பளம் எல்லாம் வந்து, சோறு விழுந்து, பருப்பும் நெய்யும் விட்டு, வரிசையில் இருக்கிற பெரியவர் "ம், சாப்பிடுங்க" என்று சொன்ன பிறகுதானே தொடங்குவோம். குழந்தை அப்பளத்தை ஒடித்தால் அம்மா முழங்கையால் இடிப்பாள். அந்த இடைவெளியில்தான் உலகத்தில் பல ஜாதி ஜனங்களும் தங்கள் தங்கள் வார்த்தையை வைத்திருக்கிறார்கள்.

சாப்பாட்டு ஜெபம் கிறிஸ்தவர்களுடைய பழக்கம் என்று உங்கள் வீட்டில் சிலர் நினைக்கலாம். உங்கள் மாமனார் சொல்வது அநேகமாக "அன்னம் பாலிக்கும் தில்லைச் சிற்றம்பலம்" என்று தொடங்கும் பாட்டாக இருக்கும். அப்பர் பாடியது, ஐந்தாம் திருமுறையின் முதல் பாட்டு, ஏழாம் நூற்றாண்டு. சைவ வீடுகளிலும் மடங்களிலும் உணவுக்கு முன் சொல்வது அதுதான். பிராமண வீடுகளில் இலையைச் சுற்றி நீர் விட்டுப் பரிசேஷணம் செய்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு நீர் உறிஞ்சி, பிராணனுக்கு, அபானனுக்கு என்று சின்னச் சின்னப் பருக்கையாக விழுங்கிவிட்டுத்தான் சாப்பாடு. வயிற்றுக்குள் இருக்கிற நெருப்பில் ஆகுதி இடுகிற பாவனை அது. இஸ்லாத்தில் பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்க வேண்டும். மறந்துவிட்டால், நினைவு வந்ததும் நடுவிலேயே "தொடக்கத்திலும் முடிவிலும் அல்லாஹ்வின் பெயரால்" என்று சொல்லிக்கொள்ளலாம். மறந்து தொடங்கியவர்களுக்கும் ஒரு வழி வைத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். வலக்கையால் சாப்பிடு, தட்டில் உனக்குப் பக்கத்தில் இருப்பதை எடு என்று ஒரு சிறுவனுக்கு நபிகள் சொல்லிக்கொடுத்ததும் இதோடு சேர்ந்து வருகிற பாடம்தான்.

பக்கத்து ஃபிளாட்காரர்களிடமும் ஒன்று இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். "வதனீ கவள கேதா நாம க்யா ஸ்ரீஹரீசே." வாயில் கவளம் வைக்கும்போது ஹரியின் பெயரைச் சொல் என்று அர்த்தம். சமர்த்த ராமதாசர் பாடியதாகச் சொல்வார்கள், 17ஆம் நூற்றாண்டு. இங்கே மராத்திப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் டப்பாவைத் திறக்கும் முன் கோரஸாகச் சொல்வார்கள். என் மகள் மராத்தி மீடியத்தில் படித்தாள். இரண்டாம் வகுப்பில் ஒருநாள் ராத்திரி, அப்பா வீட்டில் ஜெபம் பண்ணி முடித்ததும், இவள் கைகூப்பியபடி அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கடைசி வரி வரை. "உதரபரண நோஹே, ஜாணிஜே யக்ஞகர்ம." நான் அவள் தொடையைத் தட்டி நிறுத்தப் பார்த்தேன். அப்பா கையைக் காட்டி என்னைத் தடுத்தார். முடித்த பிறகு, அதற்கு என்ன அர்த்தம் என்று அவளிடமே கேட்டார். "வயித்த ரொப்புறது இல்ல தாத்தா, இது பூஜை மாதிரி" என்றாள். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நல்லாத்தான் சொல்லிக்குடுத்திருக்காங்க" என்று சோற்றில் ரசத்தை விட்டுக்கொண்டார்.

இனி உங்கள் சம்பந்தியின் பக்கம். அவருக்கு உங்கள் வீட்டில் ஜெபம் பண்ணச் சங்கடமாக இருக்கும், அல்லது தாத்தாவின் தேவாரம் நடக்கும்போது உட்காரச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்தால், அவருடைய வேதத்திலிருந்தே ஓர் இடத்தை எடுத்துச் சொல்லுங்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரம். பவுலைக் கைதியாகக் கப்பலில் ரோமாபுரிக்குக் கொண்டுபோகிறார்கள். புயல். பதினாலு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கப்பலில் 276 பேர், எண்ணிக்கையையே எழுதி வைத்திருக்கிறார்கள். படைவீரர்கள், மாலுமிகள், கைதிகள், பெரும்பாலும் பவுலின் கடவுளைக் கும்பிடாதவர்கள். விடியற்காலையில் அவர் எல்லாரையும் சாப்பிடச் சொல்லி, அப்பத்தை எடுத்து, எல்லாருக்கும் முன்பாக நன்றி சொல்லி, பிட்டு, தானே முதலில் சாப்பிடத் தொடங்குகிறார். மற்றவர்களும் தைரியம் வந்து சாப்பிடுகிறார்கள். அங்கே யாரையும் கூடச் சொல்லச் சொன்னதாக இல்லை. ஒளிந்து சொன்னதாகவும் இல்லை. நான் கேட்ட பிரசங்கங்களில் இந்த இடத்தைப் புயலுக்காகத்தான் எடுப்பார்கள். எனக்கு அது கலப்பு மதப் பந்திக்கு எழுதி வைத்த இடமாகவே படுகிறது.

யார் முதலில் சொல்வது? வீட்டுக்காரர். உங்கள் வீடு, உங்கள் அடுப்பு, ஆகவே தாத்தா முதலில் தேவாரம் சொல்லட்டும். முடித்ததும், அவரே சம்பந்தியைப் பார்த்து, "நீங்களும் உங்க முறைப்படி சொல்லுங்க" என்று கேட்கட்டும். தாத்தா வாயால் கேட்பது முக்கியம். நீங்களோ உங்கள் மகனோ கேட்டால் ஏற்பாடு மாதிரி இருக்கும். வீட்டுப் பெரியவர் கேட்டால் அது மரியாதை. அடுத்த மாதம் அவர்கள் வீட்டுக்குப் போகும்போது அவர் தொடங்குவார், தாத்தாவை அழைப்பார். இரண்டையும் கலந்து புதிதாக ஒரு பொதுப் பிரார்த்தனை கட்ட வேண்டாம். அப்படிச் செய்கிறவர்களின் நல்ல மனசு எனக்குத் தெரியும். ஆனால் யாருக்கும் பழக்கமில்லாத வார்த்தையை எல்லாரும் காகிதத்தைப் பார்த்துப் படிக்கும்போது அது பள்ளிக்கூட உறுதிமொழி மாதிரி ஆகிவிடுகிறது. வாயில் பழகிய வார்த்தைதான் சாப்பாட்டுக்கு முன் வரும்.

இதைச் சனிக்கிழமையே ஃபோனில் பேசிவிடுங்கள். அப்போது மெதுவாக, "சுருக்கமா இருந்தா நல்லா இருக்கும் அண்ணாச்சி, பெரியவர் பசி தாங்கமாட்டார்" என்றும் சொல்லிவிடுங்கள். தயங்காதீர்கள். "தேவன் வானத்திலிருக்கிறார், நீ பூமியிலிருக்கிறாய், ஆதலால் உன் வார்த்தைகள் சுருக்கமாயிருப்பதாக" என்று பிரசங்கி புத்தகமே சொல்கிறது, அவருக்கும் தெரிந்த வசனம்தான்.

நீளத்தை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. எங்கள் சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்த விருந்து. இலை முழுக்கப் பரிமாறியாகிவிட்டது. வந்திருந்த ஊழியர் ஒருவரை ஜெபம் பண்ணச் சொன்னார்கள். அவர் ஆதாம் ஏவாளில் தொடங்கினார். மாப்பிள்ளையின் பெரியப்பா சர்க்கரைக்காரர், சாப்பாட்டுக்கு முன் போடுகிற இன்சுலினைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். அந்த ஊசியைப் போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை இறங்கிவிடும். ஜெபம் போய்க்கொண்டே இருந்தது. நான் கண்ணைத் திறந்து பார்த்தபோது அவர் நெற்றியெல்லாம் வியர்வை, கை நடுங்கிக்கொண்டிருந்தது. எதிரில் பாயசம் இருக்கிறது, எடுத்துக் குடிக்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் எழுந்து போய்ப் பாயசத்தை அவர் வாயில் வைத்தேன். இன்னும் ஐந்து நிமிஷம் போயிருந்தால் மனிதர் சாய்ந்திருப்பார். உங்கள் 22 பேரில் நிச்சயம் நாலைந்து பேராவது சர்க்கரைக்காரர்கள் இருப்பார்கள். அவர்களிடம் முன்னாடியே சொல்லி வையுங்கள், தேவைப்பட்டால் யாருக்கும் காத்திருக்காமல் சாப்பிடலாம் என்று. அதை எந்தக் கடவுளும் குறையாக நினைக்கமாட்டார்.

ஜெபத்தில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது என்பதும் உண்டு. சாப்பாட்டுக்கு நன்றி, சமைத்தவர்களுக்கு ஆசீர்வாதம், மணமக்களுக்கு ஒரு வார்த்தை. போதும். எதிரில் இருப்பவர்களைப் பற்றிக் கடவுளிடம் பேசுகிற மாதிரி அவர்களுக்கே புத்தி சொல்லக் கூடாது. "இந்த வீட்டாரின் கண்களைத் திறந்தருளும்" என்று ஒருவர் ஜெபித்து, கட்டிய உறவு ஆறு மாதம் பேச்சில்லாமல் போனதை நான் கண்டிருக்கிறேன். சம்பந்திக்கு என்ன சொல்வது என்று தடுமாற்றமாக இருந்தால் 145ஆம் சங்கீதத்தில் இரண்டு வசனம் இருக்கிறது: "எல்லா ஜீவன்களின் கண்களும் உம்மை நோக்கிக்கொண்டிருக்கிறது, ஏற்றவேளையிலே நீர் அவைகளுக்கு ஆகாரங்கொடுக்கிறீர். நீர் உமது கையைத் திறந்து, சகல பிராணிகளின் வாஞ்சையையும் திருப்தியாக்குகிறீர்." 1529இல் மார்ட்டின் லூத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் சாப்பாட்டுக்கு முன் சொல்ல வைத்திருப்பது இதுதான். யூதர்கள் சாப்பிட்டு முடித்துச் சொல்கிற நீண்ட நன்றியிலும் இதே கை திறக்கிற வசனம் வருகிறது. எல்லா ஜீவன், சகல பிராணி. தாத்தாவுக்கு இதைக் கேட்டதும் "பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்" என்கிற குறள் ஞாபகம் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. 322ஆவது குறள். அவர் அதையும் சேர்த்துச் சொல்ல ஆசைப்பட்டால் சொல்லட்டும், ஏழே சீர்தானே.

அப்பாவின் அந்த ஒரு வரி 30 வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் மாறியது. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் கலவரம் நடந்தபோது தாராவியில் எத்தனையோ நாள் மெஸ் திறக்கவில்லை. திறந்த அன்றைக்குப் பந்தியில் ஒன்பது பேர். குல்லா போட்ட ஒருவர்கூட இல்லை. அப்பா சட்டியைப் பிடித்தபடி வழக்கமான வரியைச் சொல்லிவிட்டு, நிறுத்தி, "இன்னும் வந்து சேராத கைகளையும் பாத்துக்கும்" என்றார். ராமநாதபுரத்து பாய் ஊருக்குப் போய்விட்டு மார்ச்சில் திரும்பி வந்தார். அவர் எப்போதும் உட்காருகிற தூண் பக்கத்து இடத்தில் அதுவரை அப்பா யாரையும் உட்காரவிடவில்லை.

சரி, பரிமாறும் வரிசைக்கு வருகிறேன். இதில்தான் பல வீடுகளில் கோட்டை விடுகிறார்கள். சோறு போட்ட பிறகு ஜெபம் தொடங்கினால் சோறு ஆறிப்போகும், அப்பளம் நமுத்துப்போகும், பிள்ளைகள் பொறுக்கமாட்டார்கள். இலையே போடாமல் ஜெபம் பண்ணினால் எதற்கு நன்றி சொல்கிறோம் என்பதே கண்ணில் தெரியாது. உப்பு, ஊறுகாய், பொரியல், கூட்டு வரை வரட்டும். சோற்றுச் சட்டி கையில் தயாராக இருக்கட்டும். அப்போது தாத்தா தொடங்கட்டும். பரிமாறுகிறவர்கள் அந்த ஒன்றரை நிமிஷம் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். ஒருவர் கண்ணை மூடி ஜெபிக்கும்போது இன்னொருவர் "கூட்டு வேணுமா" என்று காதில் கேட்பது எல்லாருக்கும் சங்கடம். இரண்டாவது ஜெபம் முடிந்த கணம் ஆவி பறக்கச் சோறு இலையில் விழ வேண்டும். (பரிசேஷணம் செய்கிற வீடாக இருந்தால் சோறும் நெய்யும் விழுந்த பிறகுதான் அது வரும். உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை என்று நினைக்கிறேன்.)

படையல் விஷயம் கொஞ்சம் நுட்பமானது, இதில் ஒளிவுமறைவு வேண்டாம். கிறிஸ்தவர்களில் பலர், குறிப்பாக சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே ஆட்கள், சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடமாட்டார்கள். அவமதிப்பாக நினைக்காதீர்கள். கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தில் இதைப் பற்றியே ஒரு பகுதி இருக்கிறது. மற்றவர் வீட்டில் விருந்துக்கு அழைத்தால், வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு, ஆனால் இது படைத்தது என்று ஒருவர் சொன்னால் சாப்பிடாதே என்று பவுல் எழுதுகிறார். அந்த இஸ்லாமியப் பையனுக்கும் இதே சிக்கல் இருக்கலாம். வழி சுலபம். அடுப்பிலிருந்து இறக்கியதும் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தனியாக எடுத்துப் பூஜை அறையில் படையுங்கள். நம் வீடுகளில் படைத்து முடித்ததும் அந்தக் கொஞ்சத்தைத் திரும்பப் பெரிய பாத்திரத்தில் கலந்துவிடுவோம் இல்லையா, அன்றைக்கு மட்டும் அதைச் செய்யாதீர்கள். தனிக் கிண்ணத்தில் வைத்து வீட்டார் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், காக்கைக்கும் வையுங்கள். ஃபோனில் பேசும்போதே, "படைக்கிறதைத் தனியா எடுத்து வச்சிடுவோம், உங்களுக்குப் போடுறது வேற" என்று நேரே சொல்லிவிடுங்கள். சம்பந்திக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அவர் வாய் திறந்து கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிட்டீர்கள்.

ஆமென் சொல்ல வேண்டாம். அப்படியே ஆகட்டும் என்று பொருள், சொன்னால் பாவமும் இல்லை. ஆனால் மரியாதைக்காகச் சொல்கிற ஆமென் சொல்கிறவருக்கும் ஒட்டாது, கேட்கிறவருக்கும் ஒட்டாது. அதேபோல் தாத்தா "திருச்சிற்றம்பலம்" என்று முடிக்கும்போது சம்பந்தி வீட்டாரும் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். கண்ணை மூட வேண்டியதும் இல்லை. கையை மடியில் வைத்து, ஃபோனைக் கவிழ்த்து வைத்து, சும்மா இருந்தால் போதும். ஜெபம் தொடங்கியதும் சம்பந்தியம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வார். அது அவர்கள் வழக்கம், உங்கள் வீட்டுச் சின்னப் பெண்களுக்கு முன்னாடியே சொல்லி வையுங்கள், ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிடாமல் இருக்க. கத்தோலிக்கர் யாராவது வந்திருந்தால் நெற்றி, மார்பு, தோள் என்று சிலுவை அடையாளம் போட்டுத் தொடங்குவார்கள். நாங்கள் ஜெபம் என்று எழுதுவதை அவர்கள் செபம் என்று எழுதுவார்கள், சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. அன்றைக்குச் சமைக்கிறவர்கள் எங்கே இருப்பார்கள்? நீங்கள், உங்கள் ஓரகத்தி, வீட்டு வேலைக்கு வருகிற அம்மா, மூன்று பேரும் அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருப்பீர்கள். கூடத்தில் இரண்டு பெரியவர்கள் "சமைத்த கைகளை ஆசீர்வதியும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது அந்தக் கைகள் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் இருக்கும். அடுப்பை அணைத்துவிட்டு வாருங்கள். ஒன்றரை நிமிஷத்தில் எதுவும் கெட்டுப்போகாது. மூன்று பேரும் கூடத்துக்கு வந்து நிற்கிற வரை யாரும் தொடங்கக் கூடாது என்று மகனிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

அப்புறம் இரண்டாம் பந்தி. பரிமாறின பெண்கள் கடைசியில் மிச்சம் இருக்கிற பொரியலை வழித்துப் போட்டுக்கொண்டு உட்காரும்போது எந்த வீட்டிலும் யாரும் ஜெபமும் சொல்வதில்லை, தேவாரமும் சொல்வதில்லை. எங்கள் மெஸ்ஸில் மூன்று மணிக்குத்தான் அம்மா உட்காருவாள். பாத்திரம் தேய்க்கிற இரண்டு பேரும் அவளோடு உட்காருவார்கள். அப்பா அதற்குள் கல்லாவை எண்ணி முடித்து, கையைக் கழுவியிருப்பார். அம்மா தட்டைப் போடும் சத்தம் கேட்டதும் ஈரக் கையோடு உள்ளே வருவார். சட்டியில் அடிச் சோறுதான் இருக்கும். அதை இடுப்பில் அணைத்துக்கொண்டு, அந்த மூன்று பேருக்காக, மதியம் சொன்ன அதே வரியை இன்னொரு தடவை சொல்லிவிட்டு, அவரே பரிமாறுவார்.